பெருமாள்புரம், ரீடிங் எடுக்கும் நாள்

பதினோரு மணி வெயிலில்
மூன்றாம் குறுக்குத் தெருவுக்குள் திரும்பினால்
ஒரே ஆளின் குரல்தான்
எல்லா வீட்டு ஜன்னலிலிருந்தும் வருகிறது.
ஒரு வீட்டில் அவர் 'நாட்டுக்காக' என்கிறார்.
கேட்டைச் சாத்தி, நாயைத் தாண்டி,
அடுத்த வீட்டு மீட்டர் பெட்டியைத் திறக்கையில்
'கொஞ்சம் பொறுத்துக்கணும்' என்று முடிக்கிறார்.
ஒரு வாக்கியத்துக்கு
இரண்டு வீட்டு கரண்ட்.

பெட்டிக்குள் பல்லி முட்டை.
நகர்த்தாமல் எண்ணை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

பிரமநாயகம் சாருக்கு இன்று நல்ல சந்தோஷம்.
'பாத்தியளா, பிடிச்சுப் பிடிச்சு விமானத்துல ஏத்துதான்.
அதிபர்னா அவன்லா அதிபர்.
நம்மூருக்கும் அப்படி ஒருத்தன் வரட்டும்.'
இங்கே யாரை ஏற்ற வேண்டும் என்பதற்கு
மேலப்பாளையம் இருக்கும் திசையில் கையை வீசினார்.
'ஒங்க மக அங்கதான சார் இருக்கா?'
'அவ வேற கேசு.'
ஐந்நூற்று நாற்பது யூனிட்.
அரசு ஊழியர் அரசியல் பேசலாகாது என்பது விதி.
தொகையை மட்டும்
கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

என்னோடு வேலை பார்க்கும் ரகமத் நிஷா
டிபன் பாக்ஸோடு ஒரு பிளாஸ்டிக் உறையும் கொண்டுவருகிறாள்.
வாப்பாவின் பள்ளிச் சான்றிதழ்,
வாப்பாவைப் பெற்றவரின் தீர்வை ரசீது.
'எப்ப எவன் கேப்பானோ' என்கிறாள்.
சாம்பார் சிந்தினால்
முதலில் உறையைத்தான் தூக்குகிறாள்.

வாக்காளர் பட்டியலில் என்னைப்
'பேராட்சி' என்று அச்சடித்திருக்கிறார்கள்.
ஒரே ஒரு புள்ளி எழுத்துத்தான் பிசகு.
நான்தான் பேராச்சி என்று நிரூபிக்க
மூன்று நகல், இரண்டு போட்டோ, ஒரு நாள் லீவு.
'சவத்த, ஒரு எழுத்துதானட்டி' என்கிறார் வீட்டுக்காரர்,
போனிலிருந்து கண்ணெடுக்காமல்.
அவருக்குக் காலையிலிருந்து
நாட்டைக் காப்பாற்றும் சோலி.

முக்கூடல் பக்கம் எங்கள் கோயிலில்
பேராச்சி காலடியில் ஒரு ராஜா மல்லாந்து கிடப்பான்.
சுதை ராஜா.
கொடைக்குக் கொடை வர்ணமடிக்கும்போது
அவன் மீசையை மட்டும்
முன்னைவிடப் பெரிதாய் வரைந்துவிடுவார்கள்.
ஏன் என்று யாரும் கேட்டதில்லை.
ராத்திரி தூக்கம் வராமல் புரள்கையில்
அந்த மீசை ஞாபகம் வரும், சிரிப்பு வரும்.
பிறகு சிரிப்பு போய்விடும்,
மீசை போகாது.

ஐந்து வீடு பூட்டு.
பூட்டிய வீட்டுக்குப் போன முறைக் கணக்கையே போடலாம்.
போட்டேன்.

கடைசியாக எஸ்தர் ஜெயசீலி டீச்சர் வீடு.
டிவி மேல் பழைய சேலையைப் போர்த்தியிருந்தார்.
யூனிட் பாதியாகக் குறைந்திருந்தது.
மகனுக்கு டெட்ராய்ட்டில் வேலை போய்விட்டதாம்.
அறுபது நாளைக்குள் இன்னொன்று கிடைக்காவிட்டால்
பெட்டி கட்ட வேண்டுமாம்.
'இப்பம் போன்ல எதையும் சொல்ல மாட்டேங்கான்.
எழுதாதிங்கம்மா, எழுதினத அழிச்சிருங்கம்மாங்கான்.
அனுப்புன ஜெபத்தயும் அழிச்சிட்டேன் பேராச்சி.'

நான் டார்ச்சை அணைத்தேன். மறுபடி போட்டேன்.
வேறு என்ன செய்ய.

'ஏட்டி, அறுபது நாளுன்னா
ஞாயித்துக்கெழமையும் சேருமா?'

அந்த நாட்டுச் சட்டம் எனக்குத் தெரியாது.
எங்கள் கணக்கும் அறுபதுதான்.
'சேரும் டீச்சர்.'

வெள்ளை அட்டையில் தேதி எழுதி நீட்டினேன்.
கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு
அந்தத் தேதியிலிருந்து விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்.
குக்கர் விசிலடித்தது.
எண்ணிக்கை தவறி
மறுபடியும் ஒன்றிலிருந்து.